ஊர் இல்லாதவரின் செத்தவீடு

மணி அடித்தபோது நான் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தேன். மாரிகாலத்து ஞாயிற்றுக்கிழமை, முற்பகல். அப்போது லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் ஒரு சலவைக்கடைக்கு மேலே குடியிருந்தேன். ஞாயிறுகளில் கடை பூட்டு. ஆனாலும் துணிக்கு நீராவி பிடித்த வாசனை படிக்கட்டில் அப்படியே நிற்கும்.

கீழே இறங்கிப் போய்க் கதவைத் திறந்தேன். கறுப்பு மேலங்கி போட்ட இரண்டு ஆண்கள். ஒருவர் பெரியவர், மற்றவருக்கு என் வயது இருக்கும். பின்னால் ஓர் அம்மா. அவர் கையில் துணியால் வாய் கட்டிய சட்டி ஒன்று. மூவரையும் அதற்கு முன் நான் கண்டதில்லை.

அவர்கள் வணக்கம் சொல்லவில்லை. சிரிக்கவும் இல்லை. என்னைத் தாண்டி, தலையைக் குனிந்தபடி மாடிப்படி ஏறினார்கள். மேலே வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போய், என் முன்னறையில் கதிரைகள் இருக்கவும் அவற்றில் அமராமல் தரையில் உட்கார்ந்தார்கள். நானும் பின்னால் போய் நின்றேன். என் வீட்டில் எனக்கு என்ன வேலை என்பதுபோல இருந்தது.

பெரியவர்தான் முதலில் வாய் திறந்தார்.

"எத்தினை மணிக்கு எடுக்கினம், தம்பி?"

"எதை?"

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். பக்கத்தில் இருந்தவரிடம் மெல்ல, "பொடியன் இடிஞ்சுபோனான்" என்றார்.

அந்த அம்மா நேரே அடுப்படிக்குப் போய், நான் எரியவிட்டிருந்த காஸ் அடுப்பை நூர்த்தார். "அடுப்பு மூட்டாதேங்கோ, தம்பி. சோறு கொண்டுவந்தனாங்கள். எடுத்தாப் பிறகு சாப்பிடலாம்."

அப்போதுதான் கவனித்தேன். மூன்று பேரும் என் படுக்கையறையின் மூடிய கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கூடிய சனம்

அடுத்ததாக மணி அடித்தபோது வந்தவர்கள் தோர்ண்டன் ஹீத்திலிருந்து வந்த ஒரு குடும்பம். அதற்கடுத்து வந்தவர் ஹவுன்ஸ்லோவிலிருந்து விமான நிலைய வேலை உடுப்போடேயே வந்திருந்தார். முன்னறை நிறைந்தது. யாரோ என் தேநீர்த் தட்டு ஒன்றில் எண்ணெய் ஊற்றி, பஞ்சைத் திரித்துப் போட்டு, யன்னலடியில் விளக்கேற்றினார்கள். யாரோ தொண்டைக்குள்ளேயே தேவாரம் முணுமுணுத்தார்கள்.

நான் பேச வாயெடுத்தேன். எனக்கே குரல் தணிந்துதான் வந்தது. அந்த அறையில் உரக்கப் பேச முடியாது போலிருந்தது. இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தப் படுக்கையறைக் கதவு, எழும்பி வந்தபோது நானே சாத்திவிட்டு வந்தது. அதைத் திறக்க எனக்குப் பயமாக இருந்தது.

பெரியவர் மேலங்கிப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து, பக்கத்தில் இருந்தவருக்கு நீட்டினார். நான் எட்டிப் பார்த்தேன். கறுப்புக் கட்டம் போட்ட போட்டோக் கொப்பி. அதில் இருந்தது நான் எழுதிய வசனம்.

"..............ஐப் பிறப்பிடமாகவும், லண்டன் மிச்சத்தை வதிவிடமாகவும் கொண்ட தம்பு தருமலிங்கம் அவர்கள் காலமானார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்."

கீழே என் வீட்டு விலாசம்.

தம்பு தருமலிங்கம் என்று ஒருவர் இல்லை. அவர் என் சிறுகதையின் ஆள். கதையே அவருடைய மரண அறிவித்தலோடுதான் தொடங்குகிறது.

சிரஞ்சீவிகள்

இந்த வினை வந்த வழியைச் சொல்லவேண்டும்.

எண்பதுகளின் பிற்பகுதியில் நாங்கள் சிலர் ஒரு சிற்றிதழ் நடத்தினோம். ஆசிரியர் சிவம் அண்ணை. பகலில் பெற்றோல் செட்டில் வேலை, மாலையில் இலக்கியம். கல்யாணவீட்டில் மாப்பிள்ளையாகவும் செத்தவீட்டில் பிணமாகவும் இருக்க ஆசைப்படுகிற ஆள் என்று அவரை நாங்கள் பகிடி பண்ணுவோம். ஆனால் தமிழ்த் தட்டச்சு இயந்திரம் அவரிடம்தான் இருந்தது. ஆகவே ஆசிரியரும் அவர்தான்.

மாதம் ஒருமுறை அவர் வீட்டில் கூடி, வந்த கதைகளை வாசித்துக் கிழிப்போம். அந்தக் கூட்டங்களுக்கு ராஜேந்திரன் என்று ஒரு மலேசியத் தமிழர் வருவார். படிக்க வந்து, இங்கேயே கணக்காளராகி நின்றவர். அதிகம் பேசமாட்டார். பேசினால் அன்றைக்கு எங்களுக்கு நித்திரை வராது.

ஒருநாள் அவர் சொன்னார்: "நான் ஒண்ணு கேட்கட்டுமா சார்? உங்க கதைங்கள்ல யாருமே லண்டன்ல சாகமாட்டேங்கறாங்க. சாவு வந்தா ஊர்லதான் வருது. இங்க தந்திதான் வருது. இங்க இருக்கிறவங்க எல்லாம் சிரஞ்சீவியா?"

சிவம் அண்ணை சிரித்தார். ராஜேந்திரன் சிரிக்கவில்லை.

"எங்க தாத்தா ரப்பர் தோட்டத்துல செத்தாரு. அங்கயே புதைச்சோம். அன்னைக்குத்தான் நாங்க மலேசியாக்காரங்க ஆனோம். அதுக்கு முன்னாடி சும்மா போயிருந்தோம், அவ்வளவுதான்."

எனக்குச் சுருக்கென்றது. வெள்ளைக்காரன் ஆண்டுவிட்டுப் போன நாடுகளிலிருந்து அவனுடைய ஊருக்கே வந்து குந்தியிருக்கிற நாங்கள், அடையாளம், வேர் என்று எவ்வளவு எழுதித்தள்ளினோம். ஆனால் எங்கள் கதைகளில் ஒருவரும் இந்த மண்ணில் தலைசாய்க்கவில்லை. எல்லாப் பாத்திரங்களும் புகையிரத நிலையத்தில் பெட்டியோடு நிற்பவர்கள்போல நின்றார்கள். அடுத்த கதையில் ஒருவரை லண்டனில் சாகவைப்பது என்று முடிவெடுத்தேன்.

ஏன் ஊரைப் போடவில்லை

சாகவைப்பது சுகம். ஊர் வைப்பதுதான் கஷ்டம்.

எங்கள் ஆட்கள் ஒருவரைக் கண்டால் முதலில் கேட்பது "எந்த ஊர்?" அடுத்தது "ஊரிலை எந்தப் பக்கம்?" மூன்றாவது கேள்வி தேவையில்லை. இரண்டாவது பதிலிலேயே ஆளை எந்தத் தட்டில் வைப்பது, தங்கள் வீட்டுக் கோப்பையில் தேநீர் கொடுப்பதா இல்லையா என்பதெல்லாம் முடிவாகிவிடும். கடல் கடந்து வந்தும் அந்தத் தராசு மட்டும் உடையாமல் வந்து சேர்ந்திருக்கிறது. அதில் ஏற்ற முடியாத ஒரு மனிதனை எழுத ஆசைப்பட்டேன். அதனால் பிறப்பிடம் என்ற இடத்தில் வெறும் புள்ளிகள் வைத்தேன். விலாசத்துக்கு வேறொருவர் வீட்டைப் போட்டால் சண்டைக்கு வருவார்கள் என்று என்னுடையதைப் போட்டேன். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்ட கதைதான்.

சிவம் அண்ணை அந்த அறிவித்தலைக் கறுப்புக் கட்டம் போட்டு அட்டையிலேயே அச்சிட்டார். கதையின் தலைப்பும் என் பெயரும் உள்ளே. "வாசகனுக்குப் பிடரியிலை அடிச்சமாதிரி இருக்கவேணும்" என்றார்.

இதழ்க் கட்டு மிச்சத்துத் தமிழ்க் கடையில் அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டது. கடைக்கார அண்ணை நல்ல மனிதர். யாருடைய மரண அறிவித்தல் வந்தாலும் ஒரு சதம் வாங்காமல் கொப்பி எடுத்துக் கடைக் கண்ணாடியில் ஒட்டுவார். மற்றத் தமிழ்க் கடைகளுக்கும் மரக்கறி வானில் அனுப்பிவைப்பார். புண்ணியம் என்று செய்கிற காரியம். அட்டையைப் பார்த்தார், ஒட்டினார். உள்ளே புரட்டுவதற்கு அவருக்கென்ன விசரா பிடித்திருக்கிறது?

சனமும் அப்படித்தான். எங்கள் ஆட்கள் கல்யாணத்துக்கு அழைப்பு வராவிட்டால் போகமாட்டார்கள். செத்தவீட்டுக்கு அழைப்பே தேவையில்லை. யார் என்று தெரியாவிட்டாலும் போவார்கள். தனி ஆள், அறிவித்தலில் மனைவி பிள்ளைகள் பெயர்கூட இல்லை, பாவம், தூக்க நாலு பேர் வேண்டாமா என்று வந்திருந்தார்கள்.

எல்லா ஊருக்கும் பிள்ளை

முன்னறையில் இப்போது பேச்சு மெல்லக் கிளம்பியிருந்தது.

"தருமலிங்கத்தாரை எனக்குத் தெரியும்" என்றார் ஹவுன்ஸ்லோக்காரர். "சாவகச்சேரி. சந்தைக்குப் பின்னாலை வீடு."

"அது வேறை ஆள்" என்றார் பெரியவர். "இவர் எங்கடை தீவுப் பக்கம். தகப்பன் தம்பு, சுருட்டு வியாபாரம். கொஞ்சம் காலை இழுத்து நடப்பார், என்ன?"

"ஓம், ஓம். இடது கால்" என்றார் இன்னொருவர்.

கதையில் நான் அவருக்கு நொண்டல் எதுவும் வைக்கவில்லை. நான் எழுதாததெல்லாம் அவர்மேல் முளைத்துக்கொண்டிருந்தது. பேச்சில் அவருக்கு ஒரு தங்கை வந்தாள். பருத்தித்துறையில் கட்டி முடிக்காத வீடொன்று வந்தது. அந்த அம்மா மூக்கைச் சிந்தினார். கதவுக்கு அந்தப் பக்கம் உண்மையிலேயே ஒருவர் கிடத்தப்பட்டிருக்கிறார் என்று ஒரு கணம் நானும் நம்பினேன்.

இனியும் பொறுக்கக் கூடாது என்று எழுந்து நின்றேன்.

"இது கதை. நான் எழுதின கதை. ஒருத்தரும் சாகேல்லை."

விளக்குத் திரி மட்டும் படபடத்தது.

"அப்ப இந்தத் தருமலிங்கம்?" என்றார் பெரியவர்.

"நான் உண்டாக்கின ஆள்."

அவர் அந்தத் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "உண்டாக்கின ஆளை ஏன் தம்பி சாகக் குடுத்தனீர்?" என்று மட்டும் கேட்டார். இன்றுவரைக்கும் எந்த விமர்சகரும் என்னை அப்படி மடக்கியதில்லை.

அவர்கள் எழுந்தார்கள். செத்தவீட்டில் வாருங்கள் என்று அழைப்பதும் இல்லை, போய்வருகிறேன் என்று சொல்லிப் போவதும் இல்லை. அப்படிச் சொன்னால் சாவு திரும்பவும் அந்த வீட்டுக்கு வரும் என்பது நம்பிக்கை. அன்றைக்கு அவர்களும் ஒரு சொல் சொல்லாமல் வரிசையாகப் படியிறங்கிப் போனார்கள். கதை என்று கேட்ட பிறகும் செத்தவீட்டிலிருந்து போவதுபோலவே போனார்கள். சோற்றுச் சட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "திருப்பிக் கொண்டுபோகக் கூடாது" என்று அந்த அம்மா தலையாட்டிவிட்டார்.

பிறகு தொண்ணூறுகளில் இந்தக் கூட்டம் கூடிய விஷயத்தையும் சேர்த்துக் கதையை மறுபடி எழுதினேன். முன்னாள் குடியேற்ற நாட்டுக்காரர்களின் சிறுகதைத் தொகுப்பு ஒன்றுக்காக அது ஆங்கிலத்துக்குப் போனது. தொகுப்பாசிரியை நல்ல பெண். "முன்பின் தெரியாத ஒருவரின் சாவுக்கு இத்தனை பேர் வருவார்களா? வாசகர் நம்பமாட்டார்கள், எடுத்துவிடலாம்" என்றார். பிணமே இல்லாத செத்தவீட்டை நம்புகிறார், வந்த சனத்தை நம்பவில்லை. எடுக்க மாட்டேன் என்றேன். கதையையே எடுத்துவிட்டார்கள்.

ஆனால் அன்று பின்னேரம் வந்தவரைப் பற்றி எந்த வடிவத்திலும் நான் எழுதவில்லை.

பின்னேரம் வந்தவர்

மாரியில் இங்கே பின்னேரம் என்று ஒன்று கிடையாது. மத்தியானம் முடிந்த கையோடு கருகல்தான். நான் விளக்கை அணைக்கவில்லை. யாருக்காக ஏற்றியது என்று தெரியாத விளக்கை எப்படி அணைப்பது? ஹீட்டரும் பழுதாகி இரண்டு நாள். குளிரில் மேலங்கியோடு உட்கார்ந்திருந்தேன்.

மணி அடித்தது.

வந்தவர் தனி. நாற்பது வயது மட்டில். நெற்றியில் குங்குமப் பொட்டு, சேலைக்கு மேலே ஆண்கள் போடும் பெரிய மேலங்கி, கையில் ஒரு பொலித்தீன் பை. தோர்ண்டன் ஹீத்தில் தம்பியார் வீட்டில் இருப்பதாகவும், பஸ் மாறி வரப் பிந்திவிட்டதாகவும் சொன்னார். மனோ அக்கா என்று பிற்பாடு நான் கூப்பிட்டவர் இவர்தான்.

நான் படியிலேயே விஷயத்தைச் சொல்லிவிட நினைத்தேன். அவர் நிற்காமல் எனக்கு முன்னால் ஏறினார். மேல் வாசலில் சட்டென்று நின்றுவிட்டார்.

"இது ஆற்றை செருப்பு?"

வாசலுக்குள் ஓரமாக என் வீட்டுச் செருப்பு கிடந்தது.

"என்ரைதான், அக்கா."

"ஏன் இப்பிடி விட்டிருக்கிறியள்?"

அவர் கேட்டபோதுதான் நானும் பார்த்தேன். இரண்டு செருப்பும் ஒட்டி நேராக, குதி உள்ளேயும் விரல் வெளியேயுமாக வாசலைப் பார்த்துக் கிடந்தன. நாங்கள் செருப்பைக் கழற்றினால் கழற்றிய இடத்தில்தான் கிடக்கும். அடுக்கிவைக்கிற பழக்கம் எங்கள் சாதிசனத்தில் ஒருவருக்கும் இல்லை. எனக்கும் ஒருகாலத்தில் இருந்ததில்லை.

அவர் உள்ளே வந்து சுவரோரம் உட்கார்ந்தார். விளக்கைப் பார்த்தார்.

"தனி ஆம்பிளையின்ரை செத்தவீடு எண்டு கேள்விப்பட்டா நான் போய் முகத்தைப் பாத்திட்டு வருவன், தம்பி. வந்த நாளிலையிருந்து இதுதான் வேலை. எங்கடை இவர் இஞ்சை வந்து முதல் வருசம் கடிதம் போட்டவர். பிறகு இல்லை. வேறை ஆரின்ரையோ பாஸ்போட்டிலை வந்தவர், அதாலை பேரை வைச்சுத் தேடேலாது."

"அவற்றை சொந்தப் பேர் என்ன?"

அவர் பொலித்தீன் பையை மடியில் எடுத்து வைத்தார். புருஷன் பெயரைச் சொல்லாத தலைமுறை. நானும் மறுபடி கேட்கவில்லை.

"உள்ளை இருக்கிறவரைப் பாக்கலாமோ?" என்று மூடிய கதவைக் காட்டினார். பையைத் திறந்து காட்டினார். உள்ளே மடித்த வெள்ளைச் சேலை. "அவரெண்டா மாத்திறதுக்கு. ஒவ்வொரு முறையும் கொண்டுபோறனான்."

இந்த மனுஷி மனைவியா விதவையா என்று இவருக்கே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள என் கதைக்குள் நடந்து வந்திருக்கிறார். உள்ளே ஒருவரும் இல்லை, இது கதை என்று சொன்னேன். அவர் அசையவில்லை.

"கதை சரி, தம்பி. செருப்பு?"

ஹவுன்ஸ்லோவின் படுக்கை

ஹவுன்ஸ்லோ வீட்டைப் பற்றி இந்த நினைவுத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். விமானம் தலைக்கு மேலே இறங்கும்போது யன்னல் கண்ணாடி கிடுகிடுக்கும் வீடு. நான் லண்டன் வந்த புதிதில் இருந்த இடம். அங்கே ஒரு படுக்கையில் இரண்டு பேர். ஆனால் ஒரே நேரத்தில் அல்ல. எனக்கு விமானச் சாப்பாடு கட்டும் இடத்தில் பகல் ஷிப்ட். மற்றவருக்கு எங்கேயோ இரவு ஷிப்ட். நான் வருவதற்குள் அவர் போய்விடுவார். அவர் வருவதற்குள் நான் போய்விடுவேன். எங்கள் ஷிப்டுகள் ஒருநாளும் மாறவில்லை. ஓய்வுநாளிலும் அவர் எங்கேயோ போய்விடுவார்.

அவர் பெயரை நான் கேட்கவில்லை. வீட்டுக்காரரும் சொல்லவில்லை. மாலையில் வந்து படுக்கும்போது மெத்தை சூடாக இருக்கும். அந்தக் குளிரில் அந்தச் சூடு எவ்வளவு பெரிய காரியம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். முகம் தெரியாத ஒருவருடைய உடம்புச் சூட்டில்தான் என் முதல் மாரி கழிந்தது. தலையணை எப்போதும் இரண்டாக மடிந்திருக்கும். தைலம் மணக்கும். அறை வாசலில் அவருடைய வீட்டுச் செருப்பு வாசலைப் பார்த்து நேராகக் கிடக்கும்.

அவரிடமிருந்துதான் அந்தப் பழக்கம் எனக்குத் தொற்றியிருக்க வேண்டும். மனோ அக்கா கேட்கும்வரை அது எனக்கே தெரியாது.

இதையெல்லாம் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"தலகணியை எப்பிடி மடிப்பார்?"

"ரண்டா மடிச்சு, மடிப்பைச் சுவர்ப் பக்கம் விட்டு."

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"கொழும்பிலை கலவரத்துக்கை அடிபட்டுத் தப்பி வந்த நாளிலையிருந்து செருப்பை அப்பிடித்தான் விடுவார். திரும்ப வந்தாங்கள் எண்டா காலைக் கொழுவிக்கொண்டு நேரா ஓடலாம் எண்டு. நான் ஏசுவன். வீட்டுக்கை இருக்கிற மனிசன் ஏன் ஓடுறமாதிரி இருக்கவேணும் எண்டு."

கண்ணைத் திறக்காமலே, "பிறகென்ன நடந்தது?" என்றார்.

இதுதான் எனக்குப் பயமான இடம். "ஒருநாள் நான் வரேக்கை படுக்கை குளிர்ந்து கிடந்தது, அக்கா. அதுக்குப் பிறகு அவர் வரேல்லை. வீட்டுக்காரர் வேறை ஆளைப் போட்டார்."

"செருப்பு?"

"அதுவும் இல்லை, பெட்டியும் இல்லை. எடுத்துக்கொண்டு போயிருந்தார்."

யன்னலடி விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "அப்ப ஓடேல்லை" என்றார். "ஓடுறவன் கொழுவிக்கொண்டு ஓடுவான், பெட்டிக்கை வையான். மனிசன் யோசிச்சு, அடுக்கிக்கொண்டுதான் போயிருக்கிறார்."

அவர் அழுதார். செத்துப்போனவருக்கு அழுகிற அழுகை வேறு, இது வேறு. "செத்ததெண்டா அழுது முடிச்சிருப்பன், தம்பி. இருக்கிற ஆளை என்ன செய்யிறது?" என்று கேட்டார்.

மூடிய கதவு

போகும் முன் அந்த அறையை ஒருக்கால் பார்க்கலாமா என்று கேட்டார். காலையிலிருந்து நான் திறக்காத கதவு. திறந்தேன். என் கட்டில், என் கசங்கிய போர்வை, வேறொன்றும் இல்லை. அவர் கட்டிலுக்குக் கிட்டப் போய்ப் போர்வையை விலக்கி, மெத்தையில் உள்ளங்கையை வைத்தார். அப்படியே வைத்திருந்தார்.

"சூடாக் கிடக்கு" என்றார்.

நான் எழும்பியது காலையில். ஹீட்டர் இல்லாத அறை. வாயிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. அவர் கையை எடுத்த இடத்தில் என் கையை வைத்தேன். சூடாகத்தான் இருந்தது. அவருடைய கைச்சூடாக இருக்கலாம். அப்படித்தான் எனக்கு நானே இன்றுவரை சொல்லிக்கொள்கிறேன். ஆனால் கை வைத்த இடத்துக்கு அப்பாலும், கட்டிலின் நீளத்துக்கு, அது சூடாக இருந்தது.

அவர் பையை எடுத்தார். வெள்ளைச் சேலை அதற்குள்ளேயே கிடந்தது. அழுது முகம் துடைத்ததில் பொட்டு கொஞ்சம் கரைந்திருந்ததை, முன்னறைக் கண்ணாடி முன்னால் நின்று விரலால் வட்டமாகச் சரிசெய்துகொண்டார். கேட்காமலே தங்கள் ஊரின் பெயரைச் சொன்னார். காலையில் வந்த சனம் சொன்ன ஊர்களில் அது இருக்கவில்லை. அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. புள்ளிகள் புள்ளிகளாகவே இருக்கட்டும்.

வாசலில் குனிந்து என் செருப்பை ஒவ்வொன்றாக எடுத்து, வீட்டுக்குள்ளே பார்க்கத் திருப்பி வைத்தார்.

"இனி இப்பிடி விடுங்கோ. நீங்கள் இருக்கிற ஆள்."

படியில் கால் வைத்தவர், செத்தவீட்டில் ஒருவரும் சொல்லாத அந்தச் சொல்லைச் சொன்னார்.

"போயிட்டு வாறன், தம்பி."

யன்னலடி விளக்கு எண்ணெய் வற்றி அணைந்திருந்தது. எப்போது அணைந்தது என்று நான் பார்க்கவில்லை. பசித்தது. அந்த அம்மா விட்டுப்போன சோற்றை அடுப்பு மூட்டிச் சூடாக்கித் தின்றேன்.

காலைப் பார்ப்பவர்

அடுத்த கூட்டத்தில் ராஜேந்திரனிடம் மட்டும் இதைச் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு, "உங்க ஆளை நீங்க சரியா சாகடிக்கல சார்" என்றார்.

அவர் சொன்னது சரி. சாகவைத்து இந்த ஊரில் வேர்விட நினைத்தேன். தருமலிங்கம் சாகவும் இல்லை, வேர் விடவும் இல்லை.

மனோ அக்காவை அதற்குப் பிறகு, தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், தோர்ண்டன் ஹீத்தில் சில தடவைகள் கண்டிருக்கிறேன். மரக்கறிக் கடையில், ஒருமுறை ஒரு செத்தவீட்டு வாசலில். பொட்டு இருந்தது. பையும் இருந்தது. சுகம் விசாரிப்பார். அவர் புருஷனைப் பற்றி நானும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. ஆனால் என்னோடு பேசும்போது என் முகத்தைப் பார்க்கமாட்டார். காலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இப்போது எனக்குச் சொந்த வீடு. கடவுச்சீட்டு, வாக்கு, பென்சன் எல்லாம் இந்த நாட்டினுடையது. என் மனைவியின் சாம்பலை இந்த நாட்டு ஆற்றில்தான் கரைத்தேன். ராஜேந்திரன் சொன்ன கணக்குப்படி நான் இந்த ஊர்க்காரன்தான்.

படுக்கப்போகும் முன் ஒவ்வொரு நாளும் நினைவாகச் செருப்பை வீட்டுக்குள்ளே பார்க்கத் திருப்பி வைக்கிறேன். இந்த வீட்டில் என்னைத் தவிர வேறு ஒருவரும் இல்லை.

காலையில் அது வாசலைப் பார்த்துக் கிடக்கிறது.